சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்

டிபன் கேரியரின் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கிப் பக்கத்தில் வைத்துவிடலாம், பெஞ்சில் இடம் இருக்கிறது, ஆனாலும் வைக்கவில்லை. கோமதி இதை மடியில்தான் வைத்திருப்பாள். இதே பெஞ்சில்தான் நாங்கள் உட்காருவோம், இதே ஆஸ்பத்திரி வராந்தா, இதே சிமெண்டுத் தொட்டி. உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டதும் அவள் மட்டும் எழுந்து போவாள், நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு. எத்தனை வருஷம் அப்படி வந்திருப்போம், மகள் சங்கரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொடங்கியது, அவளுக்கே இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்த இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை, வாங்களேன் என்று அவள் கூப்பிட்டதும் இல்லை. வெளியே வரும்போது கேரியர் காலியாக இருக்கும். தேய்த்துக் கழுவி, துடைத்து, ஈரம் போக வெயிலில் கவிழ்த்து வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். ரயிலில் செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தம்பி எப்படி இருக்கான் என்று நான் கேட்பேன். "இருக்கான்" என்பாள். அவ்வளவுதான். இப்போது அவள் இல்லை, கேரியர் என் மடியில் இருக்கிறது. அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்வதற்காக வந்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார், விருப்பமில்லையென்றால் தகவல் சொன்னால் போதும் என்று. ஆனாலும் விடிவதற்குள் எழுந்து உளுந்தை வறுத்தேன். கறுப்புத் தொலி உளுந்து, பச்சரிசி, வெந்தயம், முழுப் பூண்டு, தேங்காய்ப்பூ. அளவு தெரியாது, அவள் கை போட்டதைக் கண் பார்த்ததுதான். குக்கர் விசிலுக்காகக் காத்திருக்கும்போது எனக்கே கேள்வி வந்தது, மாட்டேன் என்று சொல்லப் போகிறவன் எதற்குச் சோறு கட்டுகிறாய் என்று. எள்ளுத் துவையலையும் அரைத்தேன்.

உளுந்தஞ்சோறு கோமதி பிறந்த வீட்டுச் சோறு. மாமியார் ஆவுடையம்மாள் கைப்பக்குவம். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்புக்குப் பலம் என்று, சங்கரி பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு துணிப்பையில் உளுந்தைப் புடைத்துக் கட்டி வைத்திருந்தாராம். முதல் பிரசவம் அவர்கள் ஊரில்தான் நடந்தது, வழக்கம் அதுதானே. அந்தப் பையன் தங்கவில்லை. அதனால் இரண்டாவதைத் திருநெல்வேலியிலேயே வைத்துக்கொள்ளலாம், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, அத்தை வந்து கூட இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அத்தையை அழைத்து வர முதல் பஸ்ஸில் போனதும் நான்தான். பனி விலகாத காலை, ஆற்றுப்பக்கம் இருந்து ஈரக்காற்று. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. வாசலை ஒட்டி அந்தத் துணிப்பையும் ஒரு டிரங்குப்பெட்டியும் கிளம்பத் தயாராக நின்றன. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால்வண்ணம் வெளியே வந்தான். என் மனைவியின் தம்பி, அம்மாவைவிட்டு ஒரு நாளும் இருந்தறியாதவன், கல்யாண வீட்டுக்குப் போனாலும் முந்தானை ஓரமாகவே நிற்கிறவன், மீசை முளைத்த பிறகும் அப்படித்தான். குளித்திருந்தான். தலையில் ஈரம் சொட்டியது. "வாங்க அத்தான். சாப்பிடுதியளா?" என்றான். அத்தை எங்கே என்று கேட்டேன். "உள்ளதான் இருக்கா. எங்கயும் போகமாட்டா. நீங்க உக்காருங்க" என்றான். சிரித்த முகம். இரவெல்லாம் தூங்காத கண்கள், அதை அப்போது நான் கவனிக்கவில்லை, இப்போது கவனிக்கிறேன். செம்பில் தண்ணீர் தந்தான். கையைக் கழுவினேன். பலகையில் உட்கார்ந்தேன். தட்டைக் கொண்டுவந்து வைத்தான். கை தட்டுக்குப் போனது. அங்கேதான் நிற்கிறது. எத்தனையோ ஆயிரம் தடவை மனசுக்குள் அந்த வாசலில் நுழைந்து, கையைக் கழுவி, பலகையில் உட்கார்ந்து, கை தட்டுக்குப் போகும் இடம் வரை வந்திருக்கிறேன், அதற்கு அடுத்தது வெள்ளையாக இருக்கிறது. அதற்கும் அடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது: தண்ணீர் வேண்டி எழுந்தேன், அடுக்களையை எட்டிப் பார்த்தேன், அம்மிக்குப் பக்கத்தில் அத்தையின் சேலை கிடந்தது, சேலைக்குள் அவர் கிடந்தார், முழுதாக இல்லை. அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. நான் தெருவில் ஓடியதும், மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் மேல் மோதி விழுந்ததும் தெரியும். என் வலது கையில் சோறு ஒட்டியிருந்ததா, காய்ந்திருந்ததா, அது தெரியவில்லை.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார். "அந்த வீட்டில் நீங்கள் ஏதாவது சாப்பிட்டீர்களா?" இல்லை என்றேன். சட்டென்று வந்துவிட்டது வார்த்தை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், நான் இன்னும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறேன். கோர்ட் விசாரணையும் உடனே நடக்கவில்லை. விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் ஆள் இல்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்து, வழக்கு அப்படியே நின்று, சில வருஷம் கழித்துத் தெளிந்துவிட்டான் என்று மறுபடி எடுத்தார்கள். குற்றச்சாட்டை வாசித்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், அவன் செய்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க. பெயரே இல்லை. கொலை என்று ஒன்று, தடயத்தை மறைத்தது என்று இன்னொன்று. தின்றது தடயத்தை மறைத்ததில் வந்துவிட்டது. பிறகு நூலகத்தில் தேடித் தேடி எடுத்து வந்தேன், எட்டாவதோடு நின்றவன், மின்வாரிய வேலையில் கம்பியை உரசும் மரக்கிளைகளைக் கழித்துவிட்டுக் கம்பத்தடியில் உட்கார்ந்து படித்தேன். பல தேசங்களில் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், சிலர் வெறியில், சிலர் காமத்தில், நடுக்கடலில் பட்டினியில் சிலர். பத்திரிகைக்காரனுக்கு எல்லோரும் ஒன்று, ஒரே தடித்த எழுத்து. டாக்டர் கூண்டில் ஏறி, இவருக்குப் பசி இல்லை, கோபமும் இல்லை, தாய் தன்னை விட்டுப் போகப் போகிறார் என்ற பயம் இருந்தது, போகவிடாமல் தனக்குள் வைத்துக்கொள்ள ஒரு குரல் சொன்னதாக நம்பினார், செய்கிற காரியம் இன்னதென்று அறியும் நிலையில் இல்லை என்றார். கடைசியில் நீதிபதி வாசித்தார்: செயலைச் செய்தவர் இவர்தான், ஆனால் குற்றவாளி அல்ல. பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்க வேண்டியது. பின்பெஞ்சில் யாரோ, "அம்மையத் தின்னவனுக்கு அரசாங்கச் சோறு, கொடுத்து வச்சவன்ல" என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து, டீக்கடைப் பக்கம் நின்றபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மறைச்சான்னு சொல்லுதாங்க. அவன் மறைக்கல. வச்சுக்கிட்டான்." அன்றைக்கு எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மின்வாரியத்தில் இடமாற்றம் கேட்டுச் செங்கல்பட்டுக்கு வந்தோம். ஊர்ப்பேச்சிலிருந்து தப்பிக்க என்று நான் நினைத்துக்கொண்டேன், தம்பிக்குப் பக்கத்தில் இருக்க என்று அவள் நினைத்திருப்பாள், இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்தால், நாகர்கோவில்காரர் ஒருவர், போர்மேன், கையைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு, "வே, உம்ம பக்கத்துல கைய நீட்டிச் சாப்பிடப் பயமா இருக்கு, எண்ணிப் பாத்தா ஒரு விரல் கொறஞ்சிரும்" என்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் பேசுவார்கள். வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழைவதில்லை. நாம சைவமாப்பா என்று சங்கரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாள், ஆமாம் என்றேன். கோமதி எல்லோருக்கும் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள், அது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் அவள் அடுக்களையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள். முதுகு மட்டும் தெரியும். எங்களோடு வந்து உட்காரேன் என்று ஆரம்பத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன். "இது பழகிருச்சு" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவளுக்கு முடியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் காலையில் நான் சாப்பிட்டேனா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும் என்பதுதானோ. என் வாயைப் பார்த்தால் அவளுக்கு அம்மா ஞாபகம் வருமோ. தலையணையில் முகம் புதைத்து அவள் தூங்கும்போது, எழுப்பிக் கேட்டுவிடலாமா என்று எத்தனை தடவை கையை நீட்டியிருக்கிறேன். கைதான் எப்போதும் பாதியில் நிற்கிறதே.

சட்டைப் பையில் போன் துடிக்கிறது. சங்கரி. "அப்பா, சொல்லிட்டீங்களா?" இன்னும் கூப்பிடவில்லை அம்மா என்றேன். "எதுக்கு உக்காந்துக்கிட்டு இருக்கீங்க? போன்ல முடிய வேண்டிய விஷயம். நல்லாக் கேட்டுக்கோங்க, நான் கோவத்துல சொல்லல. அந்த ஆளு அந்த வீட்டுல இருந்தா நான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு வாசப்படி ஏற மாட்டேன். நீங்க இங்க வந்து பாத்துக்கலாம். ஆனா அங்க வரமாட்டேன்." சரி அம்மா. "சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டேன் அம்மா. பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்திலிருந்து வருவார்கள். பாப்பா வந்ததும் நேராக அலமாரிக்குப் போகும், கோமதியின் குங்குமச் சிமிழைத் தா தா என்று கேட்கும். அதை மட்டும் தரமாட்டேன். அதற்குள் குங்குமம் இல்லை. பால் தெளித்து அவள் அஸ்தியைப் பொறுக்கிய அன்று, சட்டிக்குள் போடாமல் ஒரு சின்ன எலும்புச் சில்லு என் உள்ளங்கையிலேயே இருந்துவிட்டது. பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று தாமிரபரணி வரைக்கும் சட்டியைக் கொண்டுபோய்க் கரைத்தோம். சில்லு சிமிழில் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. சங்கரி சொல்வது நியாயம்தான், அவள் பிறந்த கதை அது, யாருக்குத்தான் பயம் வராது. பால்வண்ணத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறது, பல வருஷமாகக் குரல் கேட்கவில்லை, பொறுப்பேற்க உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் வெளியே விட வழி இருக்கிறது, வேறு யாரும் இல்லை அவருக்கு என்கிறார் டாக்டர் ஹேமலதா. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாதபடி பார்த்துக்கொள்வேன் என்று கையெழுத்து. எப்படிப் பார்த்துக்கொள்வது? லைனில் சப்ளை கிடையாது, ஏறலாம் என்று கீழேயிருந்து சொல்வார்கள். சொன்னவன் பொய் சொல்கிறவன் இல்லை. இருந்தாலும் கம்பியைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடைப் போட்டுப் பார்ப்போம், போடும்போது ஒரு நொடி உடம்பு முழுக்கக் காது ஆகிவிடும். ஒரு மனிதன்மேல் எதைப் போட்டுப் பார்ப்பது?

"பால்வண்ணம் வீட்டுக்காரங்க!" வார்டு ஆள் தேவசகாயம், கோமதி இவரைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறாள், நல்ல மனுசன் என்று. "வாங்க அண்ணாச்சி. கோமதியம்மா போன சங்கதி கேட்டோம். வண்ணத்துக்கிட்ட நான்தான் சொன்னேன். ரெண்டு நாள் பேசல, பொறவு சரியாயிட்டான். டாக்டரம்மா ரவுண்ட்ஸ்ல இருக்காவ, அதுக்குள்ள நீங்க சாப்பாட்டக் குடுத்திருங்க. இங்க ஒரு முறை உண்டு, தெரியும்லா? வெளியேருந்து சோறு கொண்டுவந்தா, கொண்டுவந்தவங்க முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டணும். எல்லாருக்கும் உள்ளதுதான்." இரும்புக் கதவு. நீளமான தாழ்வாரம், பினாயில் வாசனை, யாரோ ஒருவர் எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டே இருக்கிறார். என் கால்கள் நடக்கின்றன, நான் பின்னால் வருகிறேன். கடைசியில் ஒரு கூடம், சிமெண்டு மேடை. மேடையில் ஒரு கிழவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், முதுகு மட்டும் தெரிகிறது. அந்த முதுகு எனக்குத் தெரியும். எங்கள் அடுக்களையில் வருஷக்கணக்காக நான் பார்த்த முதுகு. "சோறுன்னா அவன் செவத்தப் பாத்துத் திரும்பிருவான்," தேவசகாயம் சொல்கிறார். "வந்த புதுசுல இவன் வாயத் தெறந்தா போதும், மத்தவங்க தட்டப் போட்டுட்டு அலறி ஓடுவாங்க. நான் சாப்பிடுதத யாரும் பாக்க வேண்டாம்னு அவனே திரும்பிக்கிட்டான். கோமதியம்மா வந்து ஒரு நாள் பாத்தாவ. மறு மாசத்துலேருந்து அவங்களும் அவன் பக்கத்துல செவத்தப் பாத்துத்தான் உக்காருவாவ. ரெண்டு பேருமா அந்தச் செவரப் பாத்துச் சாப்பிடுதத நெனச்சா இப்பவும் எனக்கு என்னமோ செய்யும்." அவர் பேசிக்கொண்டே போகிறார். மாதத்தில் ஒரு நாள் கோமதி இங்கே தம்பியோடு, மற்ற நாளெல்லாம் எங்கள் அடுக்களையில் தனியாக, அவனுக்குத் துணையாக. நான் என் வாயைப் பற்றி நினைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் சுவர். சுண்ணாம்பு உரிந்து, தோள் உயரத்தில் எண்ணெய்க் கறை. ஓரக்கண்ணில் அவன் கை தெரிகிறது, நரம்போடிய, நகம் ஒட்ட வெட்டிய கை. இந்தக் கையா என்று பார்த்தேன், பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தேன். "வாங்க அத்தான்" என்றான், சுவரைப் பார்த்தபடியே. குரல் மாறவே இல்லை. "ரயில்ல கூட்டமா?" இல்லை என்றேன். "அக்காவ என்ன செஞ்சிய?" கேரியரைத் திறக்கப் போன கை நின்றது. தாமிரபரணியில் கரைத்தோம் என்றேன். "எல்லாத்தயுமா?" ஆமாம் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "நல்லது. போகவிட்டுறணும். அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது." நான் தட்டில் சோற்றை வைத்தேன், துவையலை வைத்தேன். தேவசகாயம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். உளுந்து வாசனை, பூண்டு, வாசலில் நின்ற துணிப்பை, ஈரக்காற்று. விழுங்க முடியவில்லை. வாயில் சோறு சுற்றிச் சுற்றி வருகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, வருஷக்கணக்காக வாயிலேயே வைத்திருந்ததைப்போல இருக்கிறது. அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். "மெல்லுங்க அத்தான். அவசரமில்ல" என்றான். பல் போன வாய். வயதான, சாந்தமான முகம், கண்களில் கோமதி. விழுங்கினேன். தேவசகாயம் சரி என்று நகர்ந்து போனார். அப்போதுதான் கேட்டேன், நான் கேட்கவில்லை, அது தானாக வெளியே வந்தது: "வண்ணம், அன்னைக்குக் காலைல நான் வந்தேன்ல. தட்டு வச்சியே. நான் சாப்பிட்டேனா?"

அவன் யோசிக்கவே இல்லை. "சாப்பிட்டிய" என்றான். என் கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "பழைய சோறும் மோரும். ரெண்டு வாய் சாப்பிட்டிய, தண்ணி கேட்டிய, பொறவு எந்திரிச்சிட்டிய. அவ்வளவுதான் வச்சேன்." அப்போ அந்தப் பானையில் இருந்தது என்று கேட்க வந்தேன், வார்த்தை முடியவில்லை. அவன் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டான். காதோரம் சிவந்திருந்தது, திருடு பிடிபட்ட பிள்ளையைப்போல. "அது வைக்கல அத்தான். அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருந்திய. உங்களுக்குக் குடுக்க மனசு வரல." இரண்டு வாய் மோர்ச் சோறு. அந்த வெள்ளை இடத்தில் இருந்தது வெறும் வெள்ளைச் சோறுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அல்லது அழுகை, நெஞ்சு குலுங்கியது, என்னவென்று பிரித்துப் பார்க்கவில்லை. இதை அறிந்த ஒரே மனிதன் இத்தனை வருஷமாக அந்த இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தேன். கோமதி கேட்டிருந்தால் இவனே சொல்லியிருப்பான். ஒருவேளை கேட்டிருப்பாள். பையில் போன் துடித்தது, சங்கரியாகத்தான் இருக்கும், அலமாரிப் பக்கம் நின்று தா தா என்று கை நீட்டும் பாப்பா கண்ணில் வந்து போனது, துடித்துத் துடித்து அதுவாக அடங்கட்டும் என்று விட்டேன். அவன் தட்டை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினான், சாப்பிடச் சொல்கிறான் போலிருக்கிறது. ஒரே தட்டு. கையைக் கொண்டுபோனேன், எங்கும் நிற்காமல் போயிற்று. உப்புக் கொஞ்சம் கம்மி. "அக்கா வெந்தயம் கொஞ்சம் கூடப் போடுவா" என்றான். வீட்டுக்கு வந்து நீயே போடு என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. அவன்மேல் இருந்த பயம் போகவில்லை, இனிமேலும் போகாது, ராத்திரிகளில் அடுத்த அறையில் அவன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் அது எழுந்து உட்காரும். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். "அண்ணாச்சி, டாக்டரம்மா வந்துட்டாவ. கையெழுத்துப் போடுதியளா இல்லையான்னு கேக்காவ, ஒரு வார்த்த சொல்லிட்டா அவங்க அடுத்த வேலையப் பாப்பாவ" என்றார் தேவசகாயம். தட்டில் இன்னும் சோறு இருந்தது. "சாப்பிட்டுட்டு வந்து போடுதேன்னு சொல்லுங்க" என்றேன், மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.